டீ பிரேக்கில் ஒரு லைஃபர்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் மெய்ட்ஸ்டோன் நகரை ஒட்டிய குடியிருப்புப் பகுதி. 1989 பிப்ரவரியில் ஒருநாள், பறவைகளைப் பற்றி நன்கு தெரிந்த ஒருவர் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பினார். வழியில் ஒரு புதரில் சின்னஞ்சிறு பறவை ஒன்று தாவியது. மஞ்சள் நெற்றி, இறக்கையில் மஞ்சள் திட்டு, கறுப்புத் தொண்டை. சுமார் பத்து கிராமே எடையுள்ள அந்தப் பறவையின் பெயர் கோல்டன்-விங்டு வார்ப்ளர். வட அமெரிக்காவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் மத்திய அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவின் வடபகுதிக்கும் போகிற இனம். அது அட்லாண்டிக் கடலைத் தாண்டி பிரிட்டனுக்கு வந்ததாக அதற்குமுன் ஒரு பதிவும் கிடையாது. செய்தி பரவியது. அந்த வார இறுதிக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பைனாகுலரும் முக்காலியுமாக வந்து குவிந்துவிட்டார்கள். அவர்கள் நின்று பார்த்த இடம் ஒரு டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம்.

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பறவை ஒரு 'லைஃபர்'. பறவை பார்ப்பவர்கள், வாழ்நாளில் தாங்கள் கண்ட இனங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அது 'லைஃப் லிஸ்ட்'. அதில் முதன்முறையாக இடம்பிடிக்கிற இனம் லைஃபர். சென்னையோ கோவையோ, நம் ஊர்ப் பறவை ஆர்வலர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்: "இன்னைக்கு ஒரு லைஃபர் கிடைச்சுது." உலகில் சுமார் 11,000 பறவை இனங்கள் உள்ளன. இந்தியாவில் 1,300-க்கு மேல், தமிழ்நாட்டில் 500-க்கு மேல். வீட்டு மாடியில் காகம், மைனா, கிளி, செண்பகம், தேன்சிட்டு என்று தொடங்கும் பட்டியல் ஐம்பதுவரை அதிகச் சிரமமில்லாமல் வளரும். நூறைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு புதுப்பெயருக்கும் உழைக்க வேண்டியிருக்கும்.

வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். லைஃபர் வேண்டுமென்றால் வால்பாறைக்குப் போக வேண்டும், கேரளத்தின் தட்டேக்காட்டுக்குப் போக வேண்டும், அதற்கு லீவு வேண்டும், டிக்கெட் வேண்டும் என்று நினைத்துப் பைனாகுலரை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அது தேவையில்லாத மனத்தளர்ச்சி. வேலைநாளுக்குள் கிடைக்கிற அரைமணி, முக்கால்மணி இடைவெளிகளில் ஒரு நகரவாசி பார்க்கக்கூடிய புதிய பறவைகள் ஏராளம். எந்த நேரத்தில் எந்தப் பறவை எங்கே இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையையே எடுத்துக்கொள்ளலாம். இதற்கு இவ்வளவு தோதான பெருநகரம் இந்தியாவில் வேறு அதிகம் இல்லை. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்கு மேற்கே, சில நிமிடப் பயணத் தூரத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் ரேடியல் சாலை அந்தச் சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சாலையோரம் பைக்கை நிறுத்தினால் கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் நெடுங்கால் உள்ளானும் வெறுங்கண்ணுக்கே தெரியும். தண்ணீரின் அளவு தோதாக இருக்கும் காலங்களில் பூநாரைகளும் நிற்கும். தெற்கே பெரும்பாக்கம் ஏரி. இன்னும் தெற்கே, சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்குக் கேளம்பாக்கம், முட்டுக்காடு உப்பங்கழிகள். கிண்டிப் பக்கம் அலுவலகம் இருந்தால், 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத கிண்டி தேசியப் பூங்காவையும் அதையொட்டிய ஐஐடி வளாகத்தையும் சார்ந்து வாழும் காட்டுப் பறவைகள் சுற்றுவட்டார மரங்களுக்கெல்லாம் வந்துபோகும்.

மதியம் ஒரு மணி வெயிலில் என்ன பறவை கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் பார்த்தால்தான் பறவை என்பது பரவலான நம்பிக்கை. மரத்துப் பறவைகளுக்கும் புதர்ப் பறவைகளுக்கும் அது சரிதான். வெயில் ஏறியதும் அவை இலைமறைவுக்குப் போய் அடங்கிவிடும். நீர்ப்பறவைகளின் கதை வேறு. அவை நாள் முழுக்கத் திறந்த வெளியில் இருக்கின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துகள் பெரும்பாலும் இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் கூட்டமாக மிதந்தபடி ஓய்வெடுக்கும். மதிய இடைவேளையில் போகிறவருக்கு அவை அசையாமல் காட்சி கொடுக்கும். முதுகு இறகுக்குள் அலகைச் செருகித் தூங்கும்போது இனம் பிரிப்பதுதான் கஷ்டம். அதற்கும் வழி உண்டு. தலை தெரியாவிட்டாலும் விலாப்புறத்து நிறமும் வாலின் வடிவமும் தெரியும். ஊசிவால் வாத்தின் ஆணை அந்த வாலை வைத்தே சொல்லிவிடலாம்.

மதியத்துக்கென்றே உரிய இன்னொரு கூட்டம் இருக்கிறது. கழுகு, பருந்து இனங்கள். காலையில் தரை குளிர்ந்திருக்கும்போது அவற்றுக்குப் பறப்பது செலவு பிடித்த வேலை. பத்து மணிக்கு மேல் தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழத் தொடங்கியதும், இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு உயர்கின்றன. பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை அலுவலக மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறவர் முதலில் கரும்பருந்துகளைத்தான் பார்ப்பார். அவற்றைப் பார்த்துப் பார்த்து, வால் நுனியில் இருக்கிற லேசான பிளவு மனசில் பதிந்துவிட்டால், பிறகு அந்தப் பிளவு இல்லாத ஒன்று வரும்போது கண் தானாக நிற்கும். டிசம்பர், ஜனவரியில் அது ஒரு பெரும்புள்ளிக் கழுகாக இருக்கலாம். சதுப்பின் கோரைமேல் இறக்கைகளை லேசாக 'வி' வடிவில் உயர்த்தியபடி தாழப் பறந்து போனால் அது சேற்றுப் பூனைப்பருந்து. நகரத்து உயரமான கட்டடங்களிலும் செல்போன் கோபுரங்களிலும் குளிர்காலத்தில் பைரி வந்து உட்காரும். மாடப்புறாக்கள் திடீரென்று சிதறிப் பறந்தால் மேலே பார்ப்பது நல்லது.

மதியத்தின் உண்மையான எதிரி கானல். நூறு மீட்டர் தாண்டிவிட்டால் சூடான காற்றில் பறவையின் உருவமே நெளியத் தொடங்கும். எவ்வளவு விலையுயர்ந்த பைனாகுலரும் அதைச் சரிசெய்யாது. அதனால் மதியத்தில் பக்கத்துப் பறவையை நிதானமாகப் பார்ப்பதே புத்திசாலித்தனம். தூரத்து மணல்திட்டை மாலைக்கு விட்டுவிடலாம். மாலை ஐந்தரைக்கு மேல் கொக்கும் நாரையும் கிளியும் அடைய வரும். தகைவிலான்கள் கோரைக்கு மேல் திரளும். வக்காக்கள் அந்த நேரத்தில்தான் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும். இரவுப் பணி முடிந்து விடிகாலையில் கேப் ஏறுபவர்களுக்குக் கூகையும் புள்ளி ஆந்தையும் கிடைக்கும். காலி மனைகளும் புதர்களும் மிச்சமிருக்கும் பகுதியானால், ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் மின்ன மண்சாலையில் உட்கார்ந்திருக்கும் பக்கியும் கிடைக்கும்.

சரி, பத்து நிமிடம்தான் இருக்கிறது, எதிரே ஒரு புதுப்பறவை நிற்கிறது. அதை எப்படி அடையாளம் காண்பது? உள்ளான்கள்தான் இதற்குச் சரியான பயிற்சிக்களம். தொடக்கக்காரர்களுக்கு எல்லா உள்ளானும் ஒன்றுபோலத்தான் தெரியும்: சேற்றில் நடக்கிற, பழுப்பான, மூக்கு நீண்ட பறவை. பள்ளிக்கரணையில் குளிர்காலத்தில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது பொறி உள்ளான். முதுகில் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் பொறிகள். கண்ணுக்கு மேலே போகும் வெள்ளைப் புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னாலும் நீளும். கால்கள் மஞ்சள் கலந்த பச்சை. அதன் பக்கத்திலேயே இன்னொன்று தனியாக நிற்கலாம். முதுகு இன்னும் கறுத்திருக்கும், பொறிகள் நுண்ணியவை, புருவக்கோடு கண்ணோடு நின்றுவிடும். அது கிரீன் சாண்ட்பைப்பர். பறக்கும்போது இறக்கையின் அடிப்புறம் கறுப்பாகவும் வாலுக்கு மேற்பகுதி பளிச்சென்ற வெள்ளையாகவும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மூன்றாவதாக ஒன்று, ஓயாமல் பின்பகுதியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். மார்பின் வெள்ளை, இறக்கைக்கு முன்னால் தோளை நோக்கி வளைந்து ஏறியிருக்கும். அது காமன் சாண்ட்பைப்பர். பறக்கும்போது இறக்கையை விறைப்பாக வைத்து, தண்ணீர்மட்டத்தை ஒட்டி விட்டுவிட்டு அடித்துப் போகும்.

பொறி உள்ளானை மட்டுமே பார்த்திருந்த ஒருவருக்கு, அந்தப் புருவக்கோடு எங்கே நிற்கிறது என்று கவனிக்கத் தொடங்கிய மதியத்தில் இரண்டு லைஃபர்கள் கிடைத்துவிடும். இரண்டும் முன்பிருந்தே அங்கே நின்றவைதான். பழக்கமான பறவையைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருப்பவருக்குத்தான் புதிய பறவை கண்ணில் படும். இதைப் புறக்கணித்துவிட்டு அரிய பறவைகளின் படத்தை மட்டும் புரட்டுகிறவர்களின் பட்டியல் மெதுவாகத்தான் வளரும்.

சிலவற்றைக் கண்ணுக்குமுன் காது கண்டுபிடிக்கும். செப்டம்பரிலிருந்து ஏப்ரல்வரை அலுவலக வளாகத்துச் செடிவேலிக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவதுபோன்ற ஒலி வரும். ஆயிரம்பேர் அந்த வேலியைத் தாண்டிக் கேன்டீனுக்குப் போவார்கள். உள்ளே இருப்பது பிளித் நாணல் கதிர்க்குருவி. ஃபின்லாந்திலிருந்து ரஷ்யா, மத்திய ஆசியாவரை பரந்திருக்கும் நிலங்களில் கூடுகட்டிவிட்டு, குளிருக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. நிறமில்லை, கோடில்லை, பழுப்பைத் தவிர எதுவும் இல்லை. வேலிக்கு எதிரே காபி டம்ளரோடு ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கிறவருக்குக் கொஞ்சம் தலைகாட்டும். இப்படிப்பட்ட பறவைக்குப் பட்டியலில் இடம் கொடுக்கிறவர்தான் தேறிய பறவை நோக்கர் என்று சொல்லத் தோன்றுகிறது.

நிறம் வேண்டும் என்பவர்களுக்கு ஆறுமணிக் குருவி இருக்கிறது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். மைனாவைவிடச் சிறிய, குட்டைவால் பறவை. பச்சை முதுகு, இறக்கையில் பளீர் நீலம், வெள்ளைத் தொண்டை, மங்கிய மஞ்சள் வயிறு, வாலடியில் இரத்தச் சிவப்பு, கண்ணின் குறுக்கே அகலமான கறுப்புப் பட்டை. இத்தனை நிறத்தையும் சுமந்துகொண்டு அது வாழ்வது மரத்தடிச் சருகில். கோடையில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடுகட்டும். மழைக்காலம் முடிந்ததும் தெற்கே கிளம்பி, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இலங்கைக்கும் வந்துவிடும்.

அது இரவில் பறந்து வருகிறது. விடியும்போது எங்கே இறங்குகிறதோ, அன்றைக்கு அதுதான் அதன் இடம். அக்டோபரில் சென்னையின் அபார்ட்மெண்ட் தோட்டங்களிலும் பள்ளி மைதான ஓரங்களிலும் மரமடர்ந்த அலுவலக வளாகங்களிலும் அது திடீரென்று தோன்றுவது இதனால்தான். அதிகாலையிலும் அந்திப்பொழுதிலும், ஏறக்குறைய காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும், இரண்டு சுருதியில் ஒரு கணீர் விசில் அடிக்கும். வேலைக்குக் கிளம்புமுன் ஒரு வாய்ப்பு, வேலை முடிந்தபின் ஒரு வாய்ப்பு என்று அலுவலகம் போகிறவர்களின் நேரத்துக்கு இவ்வளவு ஒத்துவரும் பறவை வேறில்லை. விசில் கேட்ட இடத்தில் மரக்கிளையை நோக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். கூப்பிடும்போது கிளையில் இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் கீழேதான் இருக்கும். வேலியோரச் சருகுக் குவியல்களில் இலை ஒன்று தானாகப் புரளுகிறதா என்று பார்க்க வேண்டும். சருகைப் புரட்டி மண்புழுவையும் பூச்சியையும் எடுத்துவிட்டு, தத்தித் தத்தி நாலடி போய், நின்று, வாலை மெல்ல ஆட்டும். தோட்டக்காரர் தினமும் சருகைக் கூட்டி எரிக்கிற வளாகத்தில் அதற்கு இரையே இருக்காது. மரத்தடிச் சருகைக் கொஞ்சம் அப்படியே விட்டுவையுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவது, பறவை பார்க்கிற ஊழியர்கள் செய்யக்கூடிய மிக நல்ல காரியம்.

இரவில் வருவதால் நகர விளக்குகளில் குழம்பிக் கண்ணாடியில் மோதி விழுகிற பறவைகளில் இதுவும் ஒன்று. அப்படி விழுந்து மயங்கிக் கிடந்தால் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் மெதுவாக வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிட வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெரும்பாலும் சில மணிநேரத்தில் தேறிவிடும். அந்தியில் மரமுள்ள இடத்தில் திறந்துவிடலாம். தேறவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். முதல் ஆறுமணிக் குருவியை இப்படி அட்டைப்பெட்டியில் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் விதிப்படி, பட்டியலில் சேரும் பறவை உயிரோடும், இயற்கையான நிலையிலும், கட்டுப்பாடு இல்லாமலும் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து, அது பறந்துபோய்க் கிளையில் உட்காரும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பலரும் ஏற்கிற நியாயம்.

அரிய விருந்தாளி வந்த செய்தி இன்றைக்கு வாட்ஸ்அப்பில் நிமிடங்களில் பரவுகிறது. 2018 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு கிர்ட்லண்ட்ஸ் வார்ப்ளர் வந்து இறங்கியது. மிச்சிகன் மாநிலத்து இளம் ஜாக் பைன் மரக்காடுகளில் பெரும்பாலும் கூடுகட்டி, பஹாமா தீவுகளில் குளிர்காலத்தைக் கழிக்கிற பறவை அது. 1974-இலும் 1987-இலும் கணக்கெடுத்தபோது பாடும் ஆண்பறவைகள் 167 மட்டுமே இருந்தன. நெருப்பை அடக்கிவைத்ததால் இளம் பைன்காடு குறைந்ததும், மற்றப் பறவையின் கூட்டில் முட்டையிடும் கௌபேர்டு பெருகியதும் அதற்குக் காரணங்கள். பைன் நட்டு, கௌபேர்டைப் பிடித்துக் கட்டுப்படுத்தி, பல பத்தாண்டுகள் பாடுபட்டதில் அதன் எண்ணிக்கை ஏறியது. 2019-இல் அமெரிக்கா அதை அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. அப்படிப்பட்ட பறவை மன்ஹாட்டன் அலுவலகங்களுக்கு நட்டநடுவே, நடந்துபோகும் தூரத்தில் வந்து நின்றால் என்ன நடக்கும்? நகரத்துப் பறவை ஆர்வலர்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பூங்காவுக்கு விரைந்தார்கள்.

வேலையையும் பறவையையும் சேர்த்தே நடத்தியவர்கள் என்றும் இருந்திருக்கிறார்கள். காங்கிரஸ் கட்சி தோன்றக் காரணமாக இருந்தவர் என்று பாடப்புத்தகத்தில் நாம் படித்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், உள்நாட்டுச் சுங்கத்துறை ஆணையராகச் சுற்றுப்பயணம் போன ஊரெல்லாம் பறவைகளைச் சேகரித்தார். 1872-இல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்று பறவைகளுக்காகவே ஓர் இதழைத் தொடங்கினார். பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே, 1910 ஜூனில் அரசு வேலைகளை ஒருநாள் ஒதுக்கிவைத்துவிட்டு, முன்னாள் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டை இட்சன் ஆற்றங்கரைக்கும் நியூ ஃபாரஸ்ட் காட்டுக்கும் கூட்டிப்போனார். இங்கிலாந்துப் பாடும் பறவைகளை அவற்றின் இடத்திலேயே கேட்க வேண்டும் என்பது ரூஸ்வெல்ட்டின் ஆசை. இருவரும் அன்று சுமார் 40 இனங்களைப் பார்த்தார்கள். நம் ஊரில் தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்தபடியே காட்டுயிர்களைப் பின்தொடர்ந்தவர். தமிழில் பறவைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் அவரையும், அவருக்கு முன்னோடியான மா. கிருஷ்ணனையும் தேடிப் படிக்க வேண்டும்.

இந்த வகையில் எட்டமுடியாத உயரம் பீட்டர் கேஸ்ட்னருடையது. அமெரிக்கத் தூதரக அதிகாரியாக டெல்லி உட்படப் பல நாட்டுத் தலைநகரங்களில் பணியாற்றியவர். எங்கே மாற்றல் ஆனாலும் அலுவலுக்கு வெளியே கிடைத்த நேரமெல்லாம் பறவைக்குத்தான். 1989-இல் கொலம்பியாவில் பணியாற்றியபோது, தலைநகர் பொகோட்டாவிலிருந்து எட்டிவிடும் தூரத்து மலைக்காட்டில் அறிவியல் அதுவரை அறியாத ஒரு பறவையையே கண்டுபிடித்தார். அதன் அறிவியல் பெயரில் இன்று அவர் பெயர் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவில் ஒரு தேன்சிட்டு வகைப் பறவையைப் பார்த்தபோது அவர் பட்டியல் 10,000-ஐத் தொட்டது.

இந்தப் பசிக்கு ஒரு கடுமையான பக்கமும் உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஃபீபி ஸ்னெட்சிங்கருக்கு 1981-இல் தோல் புற்றுநோய் முற்றிவிட்டதாகச் சொன்னார்கள். ஓராண்டுகூடத் தாங்காது என்றார்கள் மருத்துவர்கள். அவர் சிகிச்சைக்குப் பதிலாக அலாஸ்காவுக்குப் பறவை பார்க்கப் போனார். அதன்பின் 18 ஆண்டுகள் வாழ்ந்து, அந்தக் காலத்தில் வேறு எவரும் எட்டாத வகையில் 8,000-க்கும் மேற்பட்ட இனங்களைப் பார்த்தார். 1999-இல் மடகாஸ்கரில் பறவை பார்க்கப் போன வழியில் வேன் கவிழ்ந்து இறந்தார். நடுவில் தன் தாயின் இறுதிச்சடங்குக்கும் ஒரு மகளின் திருமணத்துக்கும் அவர் போகவில்லை. அவருடைய துணிச்சலை மதிக்கலாம். அந்த விலையை ஒரு வழக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வேலை, குடும்பம், பறவை மூன்றையும் ஒரே நாளுக்குள் அடக்கிக்கொள்கிறவரின் பட்டியல் மெதுவாக வளர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மேசைக்குத் திரும்பிப் போகிறவருக்குக் கிடைப்பது பட்டியலில் ஒரு வரி மட்டும் இல்லை என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2018-இலிருந்து 2021வரை 1,292 பேரிடம் ஒரு செயலி வழியாக நாளுக்கு மூன்றுமுறை, இப்போது பறவையைப் பார்த்தீர்களா, குரல் கேட்டீர்களா, மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்த, கேட்ட நேரங்களில் மனநிலை மேம்பட்டிருந்தது. அந்த நல்விளைவு எட்டு மணிநேரம்வரை நீடித்தது. மனச்சோர்வு நோயால் அவதிப்படுபவர்களிடமும் அதே பலன் தெரிந்தது.

பார்த்ததைப் பதிவு செய்தால் அறிவியலுக்கும் பயன். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் இந்தியர்கள் ஏற்றிய தகவல்களை வைத்துத்தான் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை தயாராகிறது. 2023 அறிக்கைக்கு 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகள் அடிப்படை. அதில் 942 இனங்கள் ஆராயப்பட்டன. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. பிப்ரவரியில் நடக்கும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்கும், தமிழ்நாட்டில் 2015-இலிருந்து நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும் ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று கண்ட பறவைகளை எண்ணினால் போதும். ஒரு டீ பிரேக் அளவு நேரம்தான். காகம், மைனா என்று வெறும் ஐந்து இனம் வந்தாலும் அந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு. லைஃபரை மட்டும் பதிந்துவிட்டுக் காகத்தை விட்டுவிடுகிற பட்டியலால் எந்தப் போக்கையும் கணிக்க முடியாது.

கருவிகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகப் பைக்கு 8x32 பைனாகுலர் ஏற்றது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். வெளிச்சம் குறைந்த நேரத்தில் 8x42 இன்னும் தெளிவு. குரலை வைத்து அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி துணைக்கு நல்லது. அது சொன்ன பெயரை, பறவையைப் பார்க்காமலே பட்டியலில் ஏற்றுவது தவறு.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. நேரம் குறைவு என்பதற்காக, போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது இரையையும் கூட்டையும் விட்டு வெளியே வருகிறது. அடுத்த அரைமணியில் இன்னொருவர் வந்து அதையே செய்கிறார். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு பகிர்வது, கோரைக்குள் இறங்கிப் பறவையைக் கிளப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுப்பது எல்லாம் இதே வகை. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து களைத்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் உடம்புக் கொழுப்பில் செலவு. கிடைக்காத நாளில் கிடைக்கவில்லை என்று ஏற்றுக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட வேண்டும்.

பார்க்க இடம் இருக்குமா என்பது தனிக் கவலை. ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் பள்ளிக்கரணைச் சதுப்பில் இன்று ஒரு சிறு பங்குதான் மிச்சம். மீதியில் நாம் பயணிக்கும் சாலைகளும் பணிபுரியும் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் நிற்கின்றன. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேர் பரப்பு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் தகுதி பெற்றது. அந்த அறிவிப்புகளுக்குப் பின்னால் உள்ளூர் மக்களும் சூழல் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் போட்ட உழைப்பு இருக்கிறது. சதுப்பின் ஓரத்தில் எந்த ஏரி மூடப்படுகிறது, எந்தக் கால்வாய் அடைபடுகிறது என்பதைத் தினமும் அந்த வழியே வேலைக்குப் போகிறவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்த்ததை உரிய இடத்தில் சொல்வதும் அவர்கள் பொறுப்பு.

புதிதாகத் தொடங்குபவருக்குச் சென்னையில் ஓராண்டு இப்படிப் போகலாம். செப்டம்பரில் சோளக்குருவிக் கூட்டங்களையும் முதல் உள்ளான்களையும் எதிர்பார்க்கலாம். அக்டோபரில் காலை மாலை ஆறு மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு, மரமடர்ந்த வளாகங்களில் காட்டு வாலாட்டிக்காகத் தரையையும் பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை நீரை உயர்த்திவிடும். அப்போது வாத்துகளும் கழுகுகளும். ஜனவரியிலிருந்து நீர் வற்றிச் சேறு வெளியே தெரியத் தெரிய உள்ளான்களும் கருவால் மூக்கன்களும் சாலைக்குப் பக்கமாக வரும். மதிய இடைவேளைக்கு இதுதான் சிறந்த பருவம், மார்ச் கடைசிவரை நீடிக்கும். ஏப்ரலில் வடக்கே திரும்பும் உள்ளான்கள் இனப்பெருக்க நிறத்துக்கு மாறியிருக்கும். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் பழுப்பாக இருந்த கருவால் மூக்கன் கழுத்திலும் மார்பிலும் செங்கல் நிறம் ஏறி நிற்பதைக் கிளம்புவதற்குமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மே, ஜூனில் விருந்தாளிகள் போனபின், உள்ளூர் நீளவால் இலைக்கோழி நீண்ட வாலை வளர்த்துக்கொண்டு அல்லி இலைகளின் மேல் நடக்கத் தொடங்கும். அந்த இனத்தில் ஆண்தான் முட்டைகளை அடைகாக்கிறது. அதன் கூட்டைச் சாலையிலிருந்தே, பைனாகுலர் வழியாக, தொந்தரவில்லாமல் பார்க்கலாம்.